எட்டி நட்ட இடம்

தொப்புளானுக்கு முதலில் கெடுதல் செய்தவன் கூத்தன். பண்ணையார் இல்லை, பண்ணையாரின் காரியக்காரனும் இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் வெயில் மழை மாதிரி. ஆளையும் மாட்டையும் ஒரே ஓலையில் எழுதி விற்ற காலம் அது. அவர்களிடம் நல்லதை எதிர்பார்த்து ஏமாந்தவர் யாரும் இல்லை. கூத்தன் அப்படியில்லை. அடுத்த குடிசைக்காரன். ஒரே சட்டியில் கை போட்டுத் தின்றவன்.

பண்ணையாரின் பெரிய வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஊர் ஆற்றுக்கு அக்கரையில். சீர்வரிசையோடு கறவை மாடுகளும் சேரியிலிருந்து ஒரு பெண்ணும் போவது அந்த வீட்டு வழக்கம். போக வேண்டியவள் தொப்புளானின் மகள் பூவாயி என்று காரியக்காரன் சொல்லிவிட்டான்.

தொப்புளானும் பெண்டாட்டி இருளாயியும் மகளோடு ஓடிவிடத் தீர்மானித்தார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் கிளம்புகிற நேரத்தில் இருளாயி அடுப்பிலிருந்த நெருப்புக் கங்குகளை ஓட்டில் அள்ளிப் போய்க் கூத்தன் வீட்டில் கொடுத்தாள்.

அந்தச் சேரியில் அடுப்பைக் குளிரவிட்டு யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை. போனால் போன இடத்தில் அடுப்பு மூளாது என்பார்கள். பக்கத்து வீட்டில் நெருப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் போயிருப்பான், பிழைத்திருப்பான்.

கூத்தன் ஓட்டைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கங்குகளை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டு மேல்துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இவர்கள் ஆற்றுத்துறைக்குப் போனபோது காரியக்காரனின் ஆட்கள் தடியோடு நின்றார்கள். பூவாயியை வண்டியில் ஏற்றினார்கள். இருளாயி அந்தத் தை மாதம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கூத்தனுக்கு ஒரு புது வேட்டியும் வரப்புக் காவல் வேலையும் கிடைத்தன. கையில் ஒரு கம்பும் கொடுத்தார்கள்.

தொப்புளான் வெள்ளச்சியிடம் போனான்.

வெள்ளச்சி அவனைவிட வெகு இளையவள். நடவுப் பெண்களுக்கு முன்நிற்பவள். அவள் முதல் நாற்றை ஊன்றினால்தான் மற்றவர்கள் குனிவார்கள். புருஷனைக் களத்துப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்தே கொன்றார்கள். அன்றைக்கும் அவள் சத்தம் போட்டு அழவில்லை. அதற்குப் பிறகு சேரியில் எந்த வழக்கென்றாலும் அவளிடம்தான் போனார்கள். கேட்டால் சிலசமயம் பதில் சொல்வாள். சிலசமயம் வேலை சொல்வாள்.

"தாயி, ஒரு மந்திரம் வேணும்" என்றான் தொப்புளான்.

"என்னத்துக்கு?"

"ஒருத்தன் நாசமாப் போறதுக்கு."

"யாரு?"

"கூத்தன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இருக்கு. கேட்ட ஒடனே குடுக்கிறதில்ல. கூட இருந்து கத்துக்கணும்."

"என்ன செய்யணும்?"

"மொதல்ல இந்தக் கயித்த முறுக்கு."

முறுக்கினான். அன்றிலிருந்து அவன் அவளுடைய சீடன். நரைத்த தலையோடு ஓர் இளம்பெண்ணின் காலடியில் உட்கார அவன் கூச்சப்படவில்லை. அவனுக்கு வேண்டியது மந்திரம்.

அவள் ஏவினாள், இவன் செய்தான். காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனான். செத்தவர்களைச் சுமந்தான். அடி வாங்கி வந்தவர்களின் முதுகுக்கு எண்ணெய் தடவினான். சேரியில் கூத்தன் வீட்டைத் தவிர எல்லாக் கூரைக்கும் அவன்தான் ஓலை வேய்ந்தான். வருஷங்கள் போயின. மந்திரம் வரவில்லை.

"எப்பத்தான் சொல்லித் தருவே தாயி?"

"உனக்கு இன்னும் கயிறே சரியா முறுக்க வரல."

ஓர் ஆனி மாதம் பெரிய வீட்டு இளைய பெண்ணுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. இந்தத் தடவை போக வேண்டியவள் சடைச்சி. கூத்தனின் ஒரே மகள்.

சேதி கேட்டுத் தொப்புளான் சிரித்தான். இருளாயி போன பிறகு அவன் வாய் விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இரண்டு சட்டி கஞ்சி குடித்தான். பிறகு எழுந்து வெள்ளச்சி வீட்டுக்குப் போனான். அவள் பறிக்கிற நாற்றைப் பிடி பிடியாக முடி கட்டுவதற்குப் பனைநார் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, இனிமே மந்திரம் வேணாம்."

"ஏண்ணே?"

"தானா நடந்துடுச்சு. கூத்தன் மகள வண்டி ஏத்தப் போறாங்க."

"கேள்விப்பட்டேன்."

"நீ ஏதாச்சும் ஓதினியா?"

"ஓதத் தெரிஞ்சா மொதல்ல காரியக்காரனுக்குல்ல ஓதியிருப்பேன்."

தொப்புளான் அவளையே பார்த்தான். "அப்ப மந்திரமே இல்லயா? இவ்வளவு வருசமா என்னய ஏமாத்தினியா?"

"கயிறு முறுக்கக் கத்துக்கிட்டியே. ஒக்காரு. ஒரு விசயம் இருக்கு." நாரைக் கீழே வைத்தாள். "சடைச்சி போகமாட்டா."

"எப்படிப் போகமாட்டா? காரியக்காரன் சொல்லிட்டானே."

"எல்லா நாத்தங்காலையும் ஒரே நாள்ல பறிச்சுக் கரையேத்தப் போறோம். ஏத்திட்டு யாரும் வயல்ல எறங்கமாட்டோம்."

அவனுக்கு உடனே புரிந்தது. நாற்று மண்ணில் இருக்கும்வரை பண்ணையார் காத்திருப்பார், பட்டினி போடுவார், அடித்துப் பார்ப்பார். பறித்த நாற்று யாருக்காகவும் காத்திருக்காது. வரப்பில் வெயிலில் கிடந்தால் மறுநாள் துவளும். அதற்கடுத்த நாள் மாட்டுக்குத்தான் ஆகும். பண்ணையின் குறுவைப் பயிர் மொத்தமும் அந்த முடிகளில்தான் இருக்கும்.

"ஒரு வீடு எறங்கினாலும் காரியம் கெட்டுச்சு" என்றான்.

"ஆமா."

"என் வீடும் ஒரு வீடு."

"ஆமா."

"பூவாயிய ஏத்தினப்ப யாரு வேலைக்கு எறங்காம ஒக்காந்தா?"

"யாரும் ஒக்காரல."

"நீ?"

"நானுந்தான் ஒக்காரல. அப்ப இது தெரியல."

"அவனுக்கு மட்டும் நான் ஏன் ஒக்காரணும்? சொல்லு தாயி. எனக்கு இதுக்கு மட்டும் பதில் சொல்லு."

வெள்ளச்சி எழுந்தாள். மடியில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள்.

"வா" என்றாள்.

அவள் முன்னால் நடந்தாள். சேரியைத் தாண்டி, களத்தைத் தாண்டி, பெரிய வீட்டுத் தெரு தொடங்குகிற இடத்திலிருந்த சுமைதாங்கிக் கல்லுக்குப் போய் நின்றாள். சேரிக்காரர்கள் அதற்கு மேல் கால் வைக்கக்கூடாது. காரியக்காரனிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அங்கே நின்றுதான் கூப்பிட வேண்டும்.

"கூத்தன் இங்கேர்ந்துதான் கூப்பிட்டான். நீயும் கூப்பிடு" என்றாள்.

"என்ன சொல்ல?"

"நான் சொன்னத அப்படியே சொல்லு. சடைச்சி போயிடுவா. உன் மனசு ஆறும். ஒரு வேட்டியும் கெடைக்கும்."

"நீ எதுக்குக் கூட வந்தே?"

"நீ சொல்றத நம்பலன்னா சாட்சி வேணும்ல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. கோபமும் இல்லை. தயிர் விற்கப் போகிறவளுக்கு வழித்துணை வந்தவள் போல நின்றாள். இவன் வாயைத் திறந்தால் மாலைக்குள் அவளைப் புளியமரத்தில் கட்டுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கூப்பிடு அண்ணே. வெயில் ஏறுது."

வீம்பு பிடித்துக்கொண்டது. "ஆண்டே" என்று கூப்பிட்டுவிட்டான்.

தன் குரல் தெருவில் இழுத்துக்கொண்டு போவதை அவனே கேட்டான். இதே மண்ணில் நின்று, இதே வார்த்தையை, இப்படியே இழுத்துத்தான் கூத்தனும் கூப்பிட்டிருப்பான். தொப்புளானுக்கு வாய் கசந்தது.

காரியக்காரன் வெற்றிலையை மென்றுகொண்டு வந்தான். "என்னடா?"

தொப்புளான் குனிந்து நின்றான். பக்கத்தில் வெள்ளச்சியின் கால்விரல்கள் தெரிந்தன. அவை அசையவில்லை.

"சொல்லுடா. கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு."

"ஆண்டே, நாத்து முத்துது" என்றான் தொப்புளான். "எல்லாத்தையும் ஒரே நாள்ல பறிச்சுக் கரையேத்திடலாமான்னு கேக்க வந்தோம்."

காரியக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இப்பத்தாண்டா உங்களுக்கு புத்தி வந்திருக்கு. கல்யாணத்துக்கு முன்ன நடவு முடிஞ்சா நல்லதுதான். பறிங்க."

"உத்தரவு ஆண்டே."

திரும்பி நடந்தார்கள். களம் வந்தது. அவன்தான் கேட்டான்.

"நான் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே?"

"சாட்சி சொல்லியிருப்பேன்."

"நெசமாவா?"

"நட" என்றாள் வெள்ளச்சி.

நாற்றுப் பறிப்பது ஆண்களின் வேலை, நடுவது பெண்களின் வேலை. மறுநாள் சேரியின் ஆண்கள் எல்லோரும் நாற்றங்காலில் குனிந்தார்கள். அவ்வளவு வேகமாக அவர்கள் பறித்ததைப் பண்ணை அதுவரை பார்த்ததில்லை. பறித்த முடிகளைத் தண்ணீரில் போட்டு வைப்பதுதான் வழக்கம். அன்றைக்கு வரப்பில் அடுக்கினார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.

கூத்தனும் காவல் கம்பை வைத்துவிட்டு இறங்கினான். தொப்புளானுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

"காவக்காரரு கையில சேறு படுது, யாராச்சும் தொடச்சு விடுங்கப்பா" என்றான் ஒருவன். நாற்றங்கால் முழுக்கச் சிரிப்பு ஓடி அடங்கியது. கூத்தன் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகப் பேசினான்.

"அண்ணே."

"என்கிட்ட பேசாத."

"பேச வேணாம். காது குடுத்தா போதும். அன்னைக்கி பூவாயி தப்பிச்சிருந்தா, அவளுக்குப் பதிலா சடைச்சியத்தான் ஏத்தியிருப்பான். அடுத்த வயசுப்பொண்ணு அவதான். அதனாலதான் போனேன்."

"தெரியும்."

கூத்தனின் கை நின்றது. "தெரியுமா?"

"இப்பத்தான் தெரியணுமா எனக்கு? இருளாயி நெருப்பக் கொண்டுவந்து குடுத்தாளே, அப்பவே நீயும் உன் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க பின்னால வந்திருக்கலாம். நீ போயிச் சொல்ற வரைக்கும் துறையில ஆள் இல்ல. ஆறு தண்ணியில்லாமக் கெடந்துச்சு. எல்லாரும் போயிருக்கலாம்."

கூத்தன் நெடுநேரம் பறிக்காமல் குனிந்தே நின்றான்.

"எனக்கு அது தோணல அண்ணே."

"தோணலல்ல? அதுதான் நீ எனக்கு வச்ச பாக்கி. பறி."

மறுநாள் காலை காரியக்காரன் குடையோடு வந்தான். வரப்பு முழுக்க நாற்று முடிகள் பச்சையாக அடுக்கிக் கிடந்தன. பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் பின்னால் நின்றார்கள். வயலில் ஒரு கால்தடம்கூட இல்லை.

"ஏன் இன்னும் எறங்கல?"

வெள்ளச்சி ஓர் அடி முன்னால் வந்தாள். "வரிசை சரியா வரல ஆண்டே."

"என்ன வரிசை?"

"நடவு வரிசை. அதுல ஒரு எடம் ஓட்டையா இருக்கு. பூவாயி நின்ன எடம். அவ போனதுலேர்ந்து அந்த எடத்த நாங்க யாருக்கும் குடுக்கல. இந்தப் பக்கம் சடைச்சி நிக்கிறா, அந்தப் பக்கம் மூக்காயி நிக்கிறா. ரெண்டு பேரும் எட்டி எட்டி அவ பங்கயும் நட்டுக்கிட்டு வந்தாங்க. இப்ப சடைச்சியும் போறான்னு சொல்றாங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்ட விழுந்தா கை எட்டாது."

தொப்புளான் அப்போதுதான் அதைக் கேட்டான். நடவு வயலில் ஆண்களுக்கு வேலை இல்லை. பெண்கள் வரிசையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. போகத்துக்குப் போகம் தன் மகளுக்கு அங்கே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த இடத்தில் நாற்று ஊன்றியது யார் கை என்பதும் தெரியாது.

சடைச்சியைப் பார்த்தான். அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெருங்கி நின்னு நடுங்களேண்டி. இது ஒரு பெரிய வித்தையா?" என்றான் காரியக்காரன்.

"அப்படி நட எங்களுக்கு வரல ஆண்டே."

"வரலயா? அடுத்த ஊர்லேர்ந்து ஆள் கொண்டுவந்து நட்டுக் காட்டுறேன்." ஓர் ஆளை அனுப்பினான்.

போனவன் உச்சிவேளைக்குத் திரும்பி வந்தான். தனியாகத்தான் வந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "அவங்க ஊர்லயும் வரிசை சரியில்லயாம்."

மூக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த ஊர்ச் சேரியில் அவளுக்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். வெள்ளச்சிக்குப் பிறந்த வீடே அங்கேதான்.

ஆண்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் உறைத்தது. மேல் வரிசை முடிகளில் தளிர்நுனி துவண்டு தொங்கியது. காரியக்காரன் கூத்தனைக் கூப்பிட்டான்.

"கம்பு எதுக்குக் குடுத்திருக்கு? அடிச்சு எறக்கு."

கூத்தன் கம்பை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். பிறகு அதைக் காரியக்காரன் காலடியில் வைத்துவிட்டு ஆண்களோடு போய் உட்கார்ந்தான். அவனுக்கு நகர்ந்து இடம் கொடுக்க யாரும் அவசரப்படவில்லை. ஆனால் கொடுத்தார்கள்.

காரியக்காரன் முட்டாள் இல்லை. எந்தக் கயிற்றில் எந்த இழை நைந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன். குடையை மடக்கிக்கொண்டு தொப்புளான் அருகே வந்தான்.

"தொப்புளான், எந்திரி."

எழுந்தான்.

"கூத்தன் உனக்குச் செஞ்சது எனக்குத் தெரியாதா? என்கிட்ட வந்துதான சொன்னான். அவன் பொண்ணுக்காகவா நீ வெயில்ல காயுற?"

காரியக்காரன் இன்னும் கிட்டே வந்தான்.

"நீ போயி உன் கையால நாலு முடியத் தூக்கித் தண்ணியில போடு. மத்தவங்க தானா எறங்குவாங்க. பூவாயியத் திருப்பி அனுப்பச் சொல்லி அக்கரைக்கு ஆள் விடுறேன். அவ எடத்துக்கு சடைச்சி போகட்டும். அவங்களுக்கு ஒரு ஆள் வந்தா சரி. சின்னவங்க சீருக்கு வேற பாத்துக்கிறேன். என்ன சொல்ற?"

"நெசமாவா ஆண்டே?" அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"என் வார்த்தைடா."

எல்லோருக்கும் கேட்டது. யாரும் அவனை ஏதும் சொல்லவில்லை. பெண்ணைப் பறிகொடுத்தவனிடம் என்ன சொல்ல முடியும். கூத்தன் கண்ணை மூடிக்கொண்டான். இந்த இடத்தில் நிற்கிறவன் என்ன செய்வான் என்று அந்த ஊரில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது.

தொப்புளான் வெள்ளச்சியைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒரு முடியின் வேரிலிருந்த மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று விரலால் உதிர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடைச்சி தலை நிமிர்ந்தாள்.

"பெரியப்பா" என்றாள். "பூவாயி வரட்டும். நான் போறேன். என் பங்க அவ எட்டி நட்டுக்குவா."

கூத்தன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்ட மாடு போடுகிற சத்தம்.

தொப்புளான் அந்தப் பெண்ணைப் பார்த்தான். பூவாயியைவிட ஒரு வயது சின்னவள். இரண்டும் ஒரே சட்டியில் தின்றவை. அவனுக்கு இருளாயியின் ஞாபகம் வந்தது, துறையில் தடியோடு நின்றவர்களின் ஞாபகம் வந்தது, வண்டியின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு பூவாயி திரும்பிப் பார்த்தது வந்தது. அந்த வண்டியில் சடைச்சியை ஏற்றிப் பார்த்தான். வண்டி அதே வண்டிதான். ஓட்டுகிறவனும் அவனேதான்.

"நீ சும்மா இரு புள்ள" என்றான்.

காரியக்காரனிடம் திரும்பினான்.

"ஆண்டே, ஒருத்தி வந்து ஒருத்தி போனா ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும். ரெண்டு பேரும் வேணும்."

"என்னடா சொன்னே?"

"சடைச்சி போகக்கூடாது. பூவாயி வரணும். ரெண்டு பேரும் நின்னாத்தான் வரிசை."

சொல்லிவிட்டு அவன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கூத்தனுக்குப் பக்கத்தில் இல்லை. பெண்களுக்கு முன்னால், முடிகளின் ஓரத்தில்.

காரியக்காரன் கீழே கிடந்த கம்பை எடுத்து அவன் முதுகில் அடித்தான். தொப்புளான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அடித்தான். மூக்காயி வந்து அவன் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எனக்கும் நாலு போடுங்க ஆண்டே. ரொம்ப நாளா முதுகு அரிக்குது" என்றாள்.

அவள் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு சடைச்சி. பிறகு எல்லோரும். முதுகுக்கு முதுகு ஒட்டி அவ்வளவு பேர் உட்கார்ந்ததும் கம்பு எங்கே விழுவதென்று தெரியாமல் நின்றது. இத்தனை கைகளையும் உடைத்துவிட்டால் பிறகு யார் நடுவது? காரியக்காரன் நாற்றைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். மேகத்தின் சுவடே இல்லை. கம்பைப் போட்டுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போனான்.

பொழுது சாயத் தொடங்கியபோது பதில் வந்தது. சடைச்சி போக வேண்டாம், அவளுக்குப் பதிலாக இன்னொரு ஜோடி மாடு போகும். பூவாயியைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவள் சம்பந்தி வீட்டுச் சொத்து. கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டால் குடும்ப மானம் போய்விடும். நாற்றே போனாலும் சரி, அதைக் கேட்க முடியாது என்று பண்ணையார் சொல்லிவிட்டார்.

வெள்ளச்சி தொப்புளானிடம் வந்து குந்தினாள்.

"கேட்டியா அண்ணே?"

"கேட்டேன்."

"இது ஒருத்திக்குத்தான் பதில். நீ கேட்டது ரெண்டு பேர. எறங்கலாமா வேணாமா, நீ சொல்லு. நீ வேணாம்னா யாரும் எறங்கமாட்டோம்."

"நெசமாவா?"

"கேட்டுப் பாரு."

அவன் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத முகங்கள். யாரும் எழுந்திருக்கத் தயாராக இல்லை. மூக்காயி மண்ணில் படுத்தே விட்டாள்.

தொப்புளான் ஒரு முடியை எடுத்து நாரை அவிழ்த்தான். மேல் தாள் வதங்கியிருந்தது. நடுவில் பிரித்துப் பார்த்தான். உள்ளே பச்சை இருந்தது. தண்ணீர் பட்டால் பிழைக்கும். இன்னும் ஓர் இரவு கிடந்தால் பிழைக்காது. பெரிய வீட்டுக் குதிரில் போன வருஷத்து நெல் இருக்கிறது. சேரியில் எந்த வீட்டிலும் அடுத்த வாரத்துக்கு அரிசி இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் எவை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீடுகளின் கூரையெல்லாம் அவன் வேய்ந்தது.

வெகுநேரம் அந்த முடியைக் கையில் வைத்திருந்தான். பிறகு எழுந்தான். முதுகு பிடித்து இழுத்தது. வரப்போரம் போய், முடியைத் தண்ணீரில் வேர் மூழ்க வைத்தான்.

"எறங்குங்க" என்றான்.

பெண்கள் இறங்கினார்கள். வெள்ளச்சி முதல் நாற்றை ஊன்றினாள். வரிசை குனிந்தது. தொப்புளான் வரப்பில் நின்று முதல்தடவையாக நடவைப் பார்த்தான். மூக்காயிக்கும் சடைச்சிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடம் இருந்தது. சடைச்சி தன் பங்கை நட்டாள். பிறகு இடுப்பை வளைத்து, காலைப் பெயர்க்காமல், கையை முழுக்க நீட்டி அந்த இடத்தில் ஒரு நாற்றை ஊன்றினாள். மறுபக்கத்திலிருந்து மூக்காயியின் கை வந்தது.

பின்னால் யாரோ வருவது கேட்டது. கூத்தன். வந்தவன் நெடுஞ்சாண்கிடையாக அவன் காலில் விழுந்தான்.

"எந்திரி. சேறாவுது" என்றான் தொப்புளான்.

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு அண்ணே. அது போதும்."

"அந்த வார்த்தை என்கிட்ட இல்ல. பூவாயிகிட்ட இருக்கு. அக்கரைக்குப் போயி வாங்கிக்க."

கூத்தன் எழுந்தான். பிறகு முடிகளைத் தூக்கித் தண்ணீரில் போடப் போனான்.

நாற்று எடுத்துப்போக வெள்ளச்சி கரையேறினாள். தொப்புளான் ஒரு முடியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தே? நான் சொன்னது தப்பா தாயி?"

"எது?"

"மன்னிக்கமாட்டேன்னது."

"உன்னய மன்னிக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. சொல்லுவாங்களோன்னு நெனச்சேன்."

"நான் சொல்லமாட்டேன்."

"அவன் எனக்குத் தர வேண்டியது தீரல. இன்னைக்கி அவன் மகளுக்காக முதுகுல வாங்கினேனே, அதுலயும் தீரல."

"தீரல."

"பூவாயி வரல."

"வரல."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

வெள்ளச்சி முடியை அவிழ்த்து நாற்றைக் கையில் பிரித்துக்கொண்டாள். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள்.

"குறுவைக்கு ஒருத்திய நிறுத்திக்கிட்டோம். பின்னாலயே தாளடி நடவு வருதுல்ல அண்ணே, அதுக்கும் நாத்து நாமதான பறிக்கணும். அன்னைக்கி பூவாயிக்காகக் கூத்தன மொத ஆளா ஒக்கார வை."

தொப்புளான் குனிந்து அடுத்த முடியை எடுத்தான்.